கலாசாலையில் கேள்விக்கு இடமுண்டா?

சர்வகலாசாலையை விட்டு வெளிவரும் இளைஞர்களிடம் பட்டம் இருக்கிறது, தொழிலுக்குரிய திறம் இல்லை என்னும் முறையீடு பல வருஷங்களாகக் கேட்டு வருகிறது. 2023-24-ம் வருஷத்திய இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை இம்முறையீட்டுக்கு ஓர் எண்ணையும் கொடுத்தது. இளைஞருள் நூற்றுக்கு 51.25 பேரே வேலைக்குத் தகுதியுடையவராகக் கருதப்படுகின்றனர் என்றும், கலாசாலையிலிருந்து நேரே வருவோரில் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் உடனே வேலையேற்கத் தக்கவரல்லர் என்றும் அது கூறிற்று. தகுதி என்று இங்கே பேசப்படுவது பாட அறிவு மட்டுமன்று. முன்பின் கண்டிராத சிக்கல் ஒன்று எதிரே நிற்கும்போது, அதைப் பகுத்துப் பார்த்துக் காரணம் கண்டு பரிகாரம் தேடும் ஆற்றலையே தொழில் நடத்துவோர் பெரிதும் கேட்கின்றனர்.

இக்குறையை நீக்கச் சர்க்கார்களும் முன்வந்தன. 2020-ம் வருஷத்திய தேசியக் கல்விக் கொள்கை, ஆராய்ந்து சிந்தித்தலையும் சிக்கல் தீர்த்தலையும் கல்வியின் முக்கிய நோக்கங்களாக வைத்தது. அக்கொள்கையின் பல பகுதிகளை வன்மையாக எதிர்த்த தமிழக சர்க்கார், 2022 மார்ச்சு 1-ந் தேதி 'நான் முதல்வன்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வருஷந்தோறும் பத்து லட்சம் இளைஞருக்குத் திறன் பயிற்சி அளிப்பதென்று குறி வைத்தது. கலாசாலைப் பாடத் திட்டத்துக்குள்ளேயே இப்பயிற்சிகளுக்கு இடம் தரப்பட்டது. மொழி, நிதி, நுழைவுப் பரீட்சை என்று எத்தனையோ விஷயங்களில் மோதிக்கொண்ட டில்லியும் சென்னையும் இந்த ஒன்றில் ஒத்துப் பேசியது கவனிக்கத்தக்கது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயத்தை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது ராஜீய உலகின் வழக்கம். ஆராயும் புத்தியைப் பற்றிய ஏற்பாடே ஆராயப்படாமற் போவது பொருந்தாது.

முதலில் பொருள் தெளிவாக வேண்டும். சோழவந்தானை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு வடமேற்கே வையைக் கரையில், நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த பேரூர் அது. அவ்வூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பட்டதாரி ஒருவர் உத்தியோகம் ஏற்றிருப்பதாகக் கொள்வோம். கொடிக்கால்காரர் பலர் கடன் தவணையைக் கட்டவில்லை. மனப்பாடத்தால் தேறியவர் பாக்கிதாரர் ஜாபிதாவைத் தயாரித்து, விதிப்படி நோட்டீசு அனுப்பி, கடமை தீர்ந்ததென்று இருப்பார். ஆராயும் பழக்கமுள்ளவரோ அந்த ஜாபிதாவை முன்வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்பார். பாக்கி எங்கும் பரவியிருக்கிறதா, ஒரு வாய்க்காலைச் சேர்ந்த நிலங்களில் மட்டும் இருக்கிறதா? சென்ற வருஷம் தவறாமல் கட்டியவர் இவ்வருஷம் தவறியதேன்? வேரழுகல் நோயால் கொடி பட்டுப்போயிற்றா, வெற்றிலை விலை இறங்கிற்றா, கொடி கட்டவும் இலை கிள்ளவும் ஆள் அகப்படவில்லையா? நோயாயின் விவசாய இலாகாவின் உதவி வேண்டும். விலை இறக்கமாயின் தவணையைத் தள்ளிவைத்தல் தகும். வேண்டுமென்றே கட்டாதவருக்கு நோட்டீசு போதும். எல்லாருக்கும் ஒரே நோட்டீசை அனுப்புகிறவர் சங்கத்துக்கு நஷ்டத்தையும் குடியானவனுக்குக் கஷ்டத்தையும் ஒருங்கே விளைவிக்கிறார்.

நாம் பேசும் திறம் இதுவே. கண்டதை அப்படியே ஏற்காமை, வேறு காரணங்களும் இருக்கலாமென எண்ணிப் பார்த்தல், சான்று தேடுதல், சான்றுக்கேற்பத் தன் முடிவைத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை அதன் அங்கங்கள். அமெரிக்க அறிஞர் ஜான் டூயி, சிந்திக்கும் முறையைப் பற்றி 1910-ல் வெளியிட்ட நூலில், இடர்ப்பாட்டை உணர்வது தொடங்கிச் சோதித்து முடிவு காண்பது வரையில் இதனைப் படிப்படியாக விளக்கினார். நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்விளக்கம் பழசாகவில்லை.

இத்திறத்தை ஒரு தனிப் பாடமாக்கி ஆறு மாதத்தில் புகட்டிவிட முடியுமா? தவறு நேர்வது இங்கேதான். நம் கலாசாலைகளில் எந்தப் புதுப் பாடம் நுழைந்தாலும், அதன் பின்னாலேயே ஒரு வினா-விடைப் புத்தகம் கடைக்கு வந்துவிடுகிறது. 'சிக்கல் தீர்த்தலின் படிகள் யாவை?' என்று ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி விழும். மாணாக்கன் ஐந்து படிகளையும் நெட்டுருச் செய்து எழுதி ஐந்து மார்க்கையும் பெறுவான். அவற்றுள் ஒரு படியிலும் அவன் கால் வைத்திருக்கமாட்டான். ஆள் எடுக்கும் கம்பெனிகள் நடத்தும் யுக்திக் கணக்குப் பரீட்சைக்கும் இக்கதியே நேர்ந்தது. பழைய கேள்விகளைத் திரட்டி, வகை பிரித்து, குறுக்கு வழிகளைச் சூத்திரமாக்கி உருப்போட வைக்கும் பயிற்சி நிலையங்கள் நகரந்தோறும் பெருகின. சிந்தனையைச் சோதிக்க வந்த பரீட்சை ஞாபகத்தைச் சோதிப்பதாக முடிந்தது.

இந்த நோய் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. ரிச்சர்ட் ஆரம், ஜோசிப்பா ரோக்சா என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 24 கலாசாலைகளைச் சேர்ந்த 2,300-க்கு மேற்பட்ட மாணாக்கரைச் சோதித்து 2011-ல் ஒரு நூல் வெளியிட்டனர். முதல் இரண்டு வருஷப் படிப்பில் நூற்றுக்கு 45 பேரிடம் ஆராயும் திறமும் எழுதி விளக்கும் திறமும் குறிப்பிடத்தக்க அளவு வளரவில்லை என்று அவர்கள் கண்டனர். நிறையப் படிக்கவும் நிறைய எழுதவும் செய்யும் வகுப்புகளில் இருந்தவரே முன்னேறியிருந்தனர். பாடத்தின் ஆழத்தில் இறங்காமல் சிந்தனை வளராது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை. ரசாயனம் அறியாதவன் ரசாயனச் சிக்கலைத் தீர்க்கமாட்டான். பொருளின்றிச் சிந்தனை மட்டும் தனியே விற்கப்படும் கடை எங்கும் இல்லை.

ஆதலின், புதுப் பாடம் ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருக்கும் பாடங்களைக் கற்பிக்கும் முறையைத் திருத்துவதே முதற்காரியம். அதற்குத் தடையாக நிற்பது பரீட்சை. 1902-ல் கர்ஸான் பிரபு நியமித்த சர்வகலாசாலைக் கமிஷன், இந்தியாவில் போதனை பரீட்சைக்குக் கீழ்ப்பட்டிருப்பதே பெருங்கேடு என்று கருதிற்று. சுதந்திரம் பெற்றபின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-ல் வேலை செய்த கமிஷனும், ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் சொல்வதானால் பரீட்சைச் சீர்திருத்தத்தையே சொல்வோம் என்னும் கருத்துப்பட எழுதிற்று. அன்னியர் அமைத்த கமிஷனும் நம்மவர் அமைத்த கமிஷனும் ஒரே நோயைக் கண்டன. மருந்தோ இன்னும் உள்ளே செல்லவில்லை. 1978-ல் மதுரை அமெரிக்கன் கலாசாலை முதலிய சிலவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, பாடத்தையும் பரீட்சையையும் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை பிறந்தது. பின்னர் அவ்வுரிமை பெற்ற கலாசாலைகள் பல. அவற்றுள் எத்தனையோ இடங்களில் வினாத்தாளின் தலைப்பில் இருந்த முத்திரை மாறிற்றேயன்றி வினா மாறவில்லை.

பரீட்சைக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஏழைப் பையனும் மிராசுதார் மகனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். எழுதியவன் ஜாதியோ குடும்பமோ திருத்துகிறவருக்குத் தெரியாது. சிபாரிசு மலிந்த நாட்டில் இது சிறிய பாதுகாப்பன்று. எனவே பரீட்சையை ஒழிக்கவேண்டுமென்பது நம் அபிப்பிராயமன்று. கேள்வியின் தன்மை மாறவேண்டும் என்கிறோம். புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினாலும் யோசித்தாலன்றி விடை வராத கேள்விகள் ஒவ்வொரு பாடத்திலும் பாதியளவேனும் இருத்தல் வேண்டும். அவற்றையும் பெயர் மறைத்தே திருத்தலாம், நியாயமும் கெடாது.

இனி, ஆராயும் புத்தி மேனாட்டிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் சோழவந்தானின் சரித்திரத்தையே சிறிது புரட்டிப் பார்க்கலாம். 1868-ல் தோன்றி 1915-ல் மறைந்த அரசஞ்சண்முகனார் அவ்வூரினர். மதுரைச் சேதுபதி உயர்தரப் பாடசாலையில் அவர் தமிழாசிரியராக இருந்தார். அவர் விடுப்பில் சென்ற இடத்தில்தான் 1904-ல் பாரதியார் சில மாதம் ஆசிரியராக அமர்ந்தார். 1905-ல் வெளிவந்த 'தொல்காப்பியப் பாயிர விருத்தி' சண்முகனாரின் பெருநூல். சிவஞான முனிவரைப் போன்ற பேரறிஞர் எழுதியது என்பதற்காகவே அவர் ஒரு கருத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்லுக்குச் சொல் தடை எழுப்பி, விடை ஆராய்ந்து, ஒவ்வாததை மறுத்தே எழுதினார். முன்னோரிடத்து மதிப்பும் முன்னோர் கருத்தின்மேல் ஐயமும் ஒரே நெஞ்சில் தங்கக்கூடும் என்பதை அவர் எழுத்தில் காணலாம். தடையும் விடையுமாகப் பொருளை நிறுவுவது தமிழ் உரையாசிரியர் அனைவருக்கும் பொதுவான வழி. மணிமேகலையில் பல சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்க அவள் கேட்டறிவதும், அனுமானத்தில் நேரும் போலிகள் இவையென அறவணர் வகுத்துரைப்பதும் நேயர்கள் அறிந்தவை.

பழமை பேசி மகிழ்வதற்காக இதனைக் கூறவில்லை. அக்கல்வி ஒரு சிலருக்கே கிட்டியது. திண்ணைப் பள்ளியில் நெட்டுருவும் பிரம்பும் ஆட்சி செய்தன. ஆயினும் கேள்வி கேட்பது நம் மரபுக்கு விரோதம் என்னும் வாதம் நில்லாது. ஆசிரியரை மாணாக்கன் வினவுவது அவமரியாதை என்ற எண்ணம் பரீட்சைக் கல்வியின் சோம்பலில் வளர்ந்தது. அதற்கு மரபின் போர்வையைப் போர்த்த வேண்டியதில்லை.

சோழவந்தானை அடுத்தது திருவேடகம். வையை வெள்ளத்தை எதிர்த்து ஏடு ஏறிச்சென்ற இடம் என்பது ஐதிகம். ஊர்ப்பெயரும் அதனையே சொல்கிறது. அவ்வூரின் மேற்கே, சுவாமி சித்பவானந்தரின் முயற்சியால் 1971-ல் விவேகானந்தா கலாசாலை குருகுல முறையில் ஏற்பட்டது. நெல்லும் வெற்றிலையும் விளையும் நாட்டின் நடுவே மாணாக்கர் தங்கிப் படிக்கும் இத்தகைய கலாசாலைக்கு இயற்கையிலேயே ஓர் அனுகூலம் இருக்கிறது. சிக்கல்களைத் தேடிப் புத்தகத்துக்குப் போகவேண்டாம். வாயிலைத் தாண்டினால் போதும். அகத்தி மரத்தில் படரும் வெற்றிலைக் கொடி வேரழுகி விழுவதற்கும் நிலத்தில் நீர் தேங்குவதற்கும் உள்ள தொடர்பு தாவர நூல் மாணாக்கனுக்குரிய கேள்வி. புவிசார் குறியீடு கிடைத்தபின் கொடிக்கால்காரர் கைக்கு வரும் விலை உயர்ந்ததா, உயர்ந்த பணம் யாரிடம் தங்கிற்று என்பது வணிக மாணாக்கனுக்குரியது. 1895-ல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்தது முதல் பேரணை வழியே நீர் பாயும் நாட்டில், தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீர் எவ்வளவு வித்தியாசமாகச் சேர்கிறது என்பதைக் கணித மாணாக்கன் அளந்தே சொல்லலாம். இக்கேள்விகளுக்கு எந்த வினா-விடைப் புத்தகத்திலும் பதில் இல்லை. அதுவே அவற்றின் சிறப்பு.

இது கனவும் அன்று. சோழவந்தானில் வடக்கே செல்லும் ரயில் ஏறினால் திண்டுக்கல் வந்துவிடுகிறது. அந்நகருக்கு அருகே உள்ளது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த அந்நிலையத்தில் 1956-ல் கிராமிய உயர்கல்வி தொடங்கிற்று; 1976-ல் அது சர்வகலாசாலை அந்தஸ்தும் பெற்றது. மாணாக்கர் கிராமத்தில் சில நாள் தங்கி, குடும்பங்களைக் கணக்கெடுத்து, ஊர்க் குறைகளை ஜனங்களோடு கலந்து ஆராய்வதை அது படிப்போடு இணைத்தது. கையால் செய்யும் தொழிலின் வழியே அறிவு வளரவேண்டும் என்று காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் வற்புறுத்திய கொள்கையின் வழிவந்த ஏற்பாடு இது. கானடா தேசத்தில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதி 1969-ல் நோயாளியின் உபாதையையே பாடத்தின் தொடக்கமாக வைத்துக் கற்பிக்கத் தொடங்கியபோது உலகம் அதைப் புதுமையென்று கொண்டாடியது. அதற்கு நிகரான வித்து நம் ஜில்லாக்களிலேயே ஊன்றப்பட்டிருந்தது. நாம்தான் அதைக் கிராமியக் கல்வி என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

கலாசாலைகளை மட்டும் குறைகூறி, தொழில் நடத்துவோரை விட்டுவிடுவது நீதியாகாது. ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில், பழுது ஒன்று நேர்ந்தால் 'ஏன்?' என்று ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டு மூலகாரணத்தை அடையவேண்டும் என்பது பயிற்சி. யந்திரம் நின்றதேன் என்று தொடங்கினால், மின் உருகி எரிந்தது தெரியும். உருகியை மட்டும் மாற்றினால் மறுநாளும் எரியும். மேலும் மேலும் கேட்டுச் சென்றால், எண்ணெய் இறைக்கும் பகுதியில் வடிகட்டி இல்லாமையால் உலோகத் தூள் புகுந்ததே காரணம் என்று முடியும். தவறு கண்ட தொழிலாளி வேலை வரிசையையே நிறுத்தக் குறிப்புக் கொடுக்கும் உரிமையும் அங்கே உண்டு. நம்மிடத்தில் எத்தனை ஆபீசுகளில் ஒரு குமாஸ்தா மானேஜரைப் பார்த்து ஒரு முறையாவது 'ஏன்?' என்று கேட்கலாம்? சிந்திக்கும் ஆட்கள் வேண்டுமென்று விளம்பரம் செய்து, சேர்ந்தபின் சொன்னதைச் செய் என்று அடக்குகிறவர்கள், கலாசாலையின் குறையைத் தம் கூடத்திலும் வளர்க்கின்றனர்.

மற்றொரு விஷயத்தையும் மறைக்கலாகாது. திறமின்மையால்தான் வேலையில்லை என்பது முழு உண்மையன்று. அஸீம் பிரேம்ஜி சர்வகலாசாலை 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடியோருள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். இவ்வளவு பேரும் சிந்திக்கத் தெரியாதவர் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. வேலையை உண்டாக்கவேண்டியது பொருளாதாரக் கொள்கையின் கடமை. அக்கடமையில் தவறியவர்கள் மாணாக்கன் தலையில் பழியைச் சுமத்தித் தப்பித்துக்கொள்ள 'திறன்' என்ற சொல் ஒரு திரையாகிவிடக் கூடாது. ஆராயக் கற்ற இளைஞன் கேட்கவேண்டிய முதற்கேள்விகளுள் இதுவும் ஒன்று.

மொழியின் பங்கும் பெரிது. தெரியாத பாஷையில் மனப்பாடம் செய்யலாம், சந்தேகப்பட இயலாது. வாக்கியம் சரியாக அமையுமோ என்று அஞ்சுகிறவன் வாய் திறந்து மறுப்பது எங்ஙனம்? 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்கச் சங்கம் கண்டனர். 1940-களில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது உயர்தரப் பாடசாலைகளில் தமிழ் போதனாமொழியாகத் தலையெடுத்தது. 2010-ல் அண்ணா சர்வகலாசாலையில் சிவில், மெக்கானிகல் என்னும் இரு பொறியியல் பிரிவுகளில் தமிழ்வழி வகுப்புகள் தொடங்கின. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இம்முயற்சி இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது. ஆங்கிலம் வேண்டும், உலகத்தோடு பேச அது உதவும். வகுப்பில் வாதமும் ஆய்வின் முதல் வரைவும் தமிழில் நடந்தால், பின்னர் ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் ஏதேனும் ஒரு கருத்து கைவசம் இருக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எந்தக் கேள்விக்கும் நொடியில் விடையெழுதும் யந்திரம் மாணாக்கன் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. மனப்பாட விடைக்கு இனிச் சந்தையில் விலையில்லை. யந்திரம் தரும் விடை சரியா, எதன் ஆதாரத்தில் அது சொல்கிறது, எதை விட்டுவிட்டது என்று கேட்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு. பழைய வினாத்தாளை விடாப்பிடியாக வைத்திருக்கும் சர்வகலாசாலை, யந்திரம் இலவசமாகச் செய்யும் வேலைக்கு மூன்று வருஷம் மனிதனைப் பழக்குகிறது.

செய்யவேண்டியன மூன்று. வினாத்தாளின் தன்மையை மேலே கூறியவாறு திருத்துவது ஒன்று. ஒவ்வொரு மாணாக்கனும் பட்டம் பெறுமுன் தன் சுற்றுப்புறத்துச் சிக்கல் ஒன்றை ஒரு வருஷமேனும் ஆராய்ந்து, அச்சிக்கலை அனுபவிக்கும் ஜனங்களின் முன்னிலையில் தமிழில் விளக்கி, அவர்கள் கேட்கும் கேள்விக்கு மறுமொழி கூறுவது மற்றொன்று. புத்தகத்தைப் பார்த்து எழுதிய அறிக்கை கொடிக்கால்காரர் முன் ஐந்து நிமிஷம் நில்லாது. மூன்றாவது ஆசிரியரைப் பற்றியது. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் சொற்ப ஊதியத்துக்குத் தற்காலிகமாக அமர்த்தப்படுகிறவர், அடுத்த வருஷம் தமக்கு வேலையுண்டா என்று அறியாதவர். அவர் எந்தத் துணிவில் புது முறையைக் கையாளுவார்? மாணாக்கனுக்குக் கேள்வி கேட்கக் கற்பிக்கவேண்டியவர் தாமே கேள்வி கேட்க அஞ்சுகிற நிலையில் இருந்தால், எத்தனை கோடி செலவிட்டு எந்தக் கம்பெனியை அழைத்துவந்து பயிற்சி கொடுத்தாலும் பயன் ஏற்படாது.

2021-22-ம் வருஷக் கணக்கின்படி, உயர்கல்விக்குரிய வயதினருக்கு ஒப்பிட்டால் இந்தியாவில் கலாசாலையில் சேர்ந்தோர் விகிதம் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் அது 47. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை ஏறிய பிள்ளைகள் அக்கணக்கில் ஏராளம். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் அனுப்பிய பெற்றோருக்கு நாம் திருப்பித் தருவது ஒரு காகிதமா, சொந்தமாக யோசிக்கும் மனிதனா என்பதே பிரச்னை. வேலை கொடுப்பவருக்கு நல்ல ஆள் கிடைப்பது இதில் ஒரு பாதி. விலைவாசிக் கணக்கையும் ஓட்டுக் கேட்பவர் வாக்குறுதியையும் பத்திரிகைத் தலையங்கத்தையுங்கூட நிறுத்துப் பார்க்கும் பிரஜை கிடைப்பது மறுபாதி. முதற்பாதியை மட்டும் நாடுவோர் சிக்கனமான குமாஸ்தாக்களைப் பெறுவர். இரண்டையும் நாடும் தேசமே சுயராஜ்யத்தின் முழுப் பயனையும் அடையும்.